நிலக்கரியில் இருந்தது எங்கே போனது? சாம்பலோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கும் முறை

கடலோர அனல்மின் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஒரு பக்கம் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி, மறுபக்கம் சாம்பல் குளம், நடுவில் எங்கள் தராசு. இப்போது எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வந்தவுடனே எல்லோரும் கேட்பது, “மேடம், இதை எந்தக் கருவியில் ஓட்டுவது?” என்பதுதான். கருவியைப் பிறகு பார்க்கலாம். கொதிகலனுக்குள் போன கந்தகம், ஆர்சனிக், செலினியம், பாதரசம் எல்லாம் எந்த வழியாக வெளியே வந்தன என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலக்கரி அறிக்கை ஒரு கோப்பிலும் சாம்பல் அறிக்கை வேறொரு கோப்பிலும் கிடந்தால் இதற்குப் பதில் வராது. கடைக்காரர் வரவையும் செலவையும் ஒரே பேரேட்டில் எழுதுகிற மாதிரி, இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை எப்படி நிரப்புவது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்காக எழுதினாலும், சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, கையில் கிடைத்த சோதனை அறிக்கையைப் படித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

மாதிரி எடுப்பது

ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், 58 வேகன், வேகனுக்குச் சுமார் 60 டன் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 3,500 டன் நிலக்கரி. அதற்குப் பிரதிநிதியாக உங்கள் குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) உட்காரப்போவது 1 கிராம். அந்த 1 கிராமை நாலு தசமத் தானத் தராசில் நிறுப்பதற்கு எடுக்கும் அக்கறையில் பாதியைக்கூட, அது எங்கிருந்து வந்தது என்பதில் பலர் காட்டுவதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் ஆகவே ஆகாத விஷயம் இதுதான்.

வேகனின் மேல்பரப்பில் கைக்கு எட்டியதை அள்ளாதீர்கள். ஏற்றும்போது பெரிய கட்டிகள் ஓரத்துக்கு உருண்டுவிடும், தூள் நடுவிலும் அடியிலும் தங்கும். வரும் வழியில் மேல்பரப்பு காய்ந்தோ மழையில் நனைந்தோ இருக்கும். மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு உள்ளே தோண்டி எடுங்கள். கல் வந்தால் கல்லோடு எடுங்கள், அதுவும் வந்த சரக்குதான். எந்த வேகன் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள், ஏறுவதற்கு வசதியான வேகனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாய்ப்பு இருந்தால் கன்வேயர் பெல்ட்டை நிறுத்தி, அதன் முழு அகலத்துக்கும் ஒரு குறுக்கு வெட்டாக எடுப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஓரத்துக் கட்டியையும் நடுத் தூளையும் ஒன்றாகப் பிடிக்கும் முறை அது.

மொத்த ஈரப்பதத்துக்கான மாதிரியை அங்கேயே தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். அதை 12.5 மி.மீ. அளவுக்கு உடைத்தால் போதும், நைசாக அரைத்தால் அரைக்கும் சூட்டிலேயே தண்ணீர் போய்விடும். மீதியைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மாதிரியைச் சரிபாதியாகப் பிரிக்கும் ரிஃபிள் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் 212 மைக்ரான் சல்லடையில் முழுவதும் இறங்கும்வரை அரைக்க வேண்டும். சல்லடையில் கடைசியாக இறங்காமல் அடம்பிடிக்கும் கொஞ்சத்தைத் தட்டிக் கொட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அடம்பிடிப்பது பெரும்பாலும் களிப்பாறையும் குவார்ட்ஸும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டும்தான். அதைக் கொட்டினால் சாம்பல் சதவீதம் குறையும், கந்தகமும் குறையும், எண் அழகாக இருக்கும். ஆனால் அது அந்த ரேக்கின் எண்ணாக இருக்காது.

சாம்பல் மாதிரியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, புகையிலிருந்து சாம்பல் துகளைப் பிரிக்கும் ஈ.எஸ்.பி. என்கிற மின்வீழ்படிவுக் கருவியின் ஹாப்பர்கள் (சாம்பல் விழும் தொட்டிகள்) எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் விழுவதில்லை. முதல் வரிசையில் எடையில் பெரும்பகுதியும் பருத்த துகள்களும் விழும். கடைசி வரிசையில் விழுவது கொஞ்சம்தான், ஆனால் மிக நுண்ணியது. அடுப்பில் ஆவியான ஆர்சனிக், செலினியம், காட்மியம், காரீயம் எல்லாம் புகை குளிரும்போது துகள்களின் மேற்பரப்பில் போய் ஒட்டும். எடைக்கு அதிக மேற்பரப்பு உள்ளது நுண்துகள்தான், ஆகவே கடைசி வரிசைச் சாம்பலில் அவை செறிந்திருக்கும். முதல் ஹாப்பரில் மட்டும் ஒரு டப்பா எடுத்து ‘உலர் சாம்பல்’ என்று சீட்டு ஒட்டினால் இவற்றைத் தவறவிடுவீர்கள். வரிசை வரிசையாக எடுத்து, விழும் எடையின் விகிதத்தில் கலந்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நேரம். யார்டில் இன்று எடுத்த நிலக்கரியும் ஹாப்பரில் இன்று விழுந்த சாம்பலும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. உலைக்கு முன்னால் இருக்கும் பங்கர் என்னும் சேமிப்புத் தொட்டி பல மணி நேரத்துக்கான நிலக்கரியைத் தாங்கி நிற்கும். கணக்கு முடிக்க வேண்டுமென்றால் நிலக்கரியை, பங்கரிலிருந்து உலைப் பக்கம் அனுப்பும் ஃபீடரில் எடுங்கள், ஒரே சுமையில் உலை ஓடும் ஒரு ஷிஃப்ட் முழுக்க இடைவெளி விட்டு எடுங்கள், ஹாப்பர்களைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள். இயக்கப் பிரிவு ஆட்களிடம் முந்தின நாளே பேசி வைத்தால்தான் இது நடக்கும்.

நாலு எண்கள்

ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள், நிலைக் கார்பன். ப்ராக்ஸிமேட் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 1350, முதல் பகுதிதான் வழிகாட்டி. ஈரத்துக்கு 108 டிகிரி செல்சியஸ். சாம்பலுக்கு 815 டிகிரி. ஆவியாகும் பொருளுக்கு மூடியிட்ட குரூசிபிளில் 900 டிகிரி, சரியாக 7 நிமிடம். அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். முறையில் வெப்பநிலைகள் வேறு: ஆவியாகும் பொருளுக்கு 950, சாம்பலுக்கு 750 வரை. இறக்குமதி நிலக்கரியின் சான்றிதழையும் உங்கள் எண்ணையும் ஒப்பிடும் முன் எந்த முறை என்று பாருங்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடக்கும் சண்டைகளில் ஒரு பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

சாம்பலுக்குச் சூடேற்றும்போது அவசரப்படாதீர்கள். குளிர்ந்த மஃபில் உலையில் வைத்து, அரைமணி நேரத்தில் 500 டிகிரி, இன்னொரு அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் 815, அங்கே ஒரு மணி நேரம் என்று விதி சொல்வதற்குக் காரணம் உண்டு. பைரைட் 500 டிகிரிக்குள்ளேயே எரிந்து கந்தக டை ஆக்சைடாகப் போய்விடும். சுண்ணாம்புக் கல்லான கால்சைட் அதற்கு மேல் போனால்தான் சிதைந்து சுண்ணாம்பாகும். மெதுவாகச் சூடேற்றினால் சுண்ணாம்பு உண்டாகும் முன்பே கந்தக வாயு வெளியேறியிருக்கும். எடுத்த எடுப்பில் 815 டிகிரி உலைக்குள் தள்ளினால் இரண்டும் ஒரே நேரத்தில் சந்தித்து கால்சியம் சல்ஃபேட்டாகி குரூசிபிளிலேயே உட்கார்ந்துகொள்ளும், சாம்பல் எடை கூடும். உலைக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டாலும் இதே கதிதான். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள நிலக்கரியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நிலைக் கார்பன் என்பதை யாரும் அளப்பதில்லை. நூறிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் வருவது அது. மூன்றிலும் நேர்ந்த பிழைகள் மொத்தமும் அதன் தலையில்தான் விழும். மொத்தக் கார்பனும் அதுவும் ஒன்றல்ல, ஆவியாகும் பொருளில் போன கார்பன் அதில் சேராது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் வேண்டுமென்றால் சி.எச்.என். கருவியில் தனியாக ஓட்டுங்கள். அங்கே மாதிரியில் உள்ள ஈரத்தின் ஹைட்ரஜனும் சேர்ந்து வரும் என்பதால், ஈரச் சதவீதத்தை 0.1119-ஆல் பெருக்கிக் கழித்துவிடுங்கள்.

வெப்ப மதிப்புக்கு பாம் கலோரிமீட்டர், அதாவது ‘பாம்’ என்னும் மூடிய எஃகுக் குடுவையில் எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி. அழுத்திச் செய்த 1 கிராம் வில்லை, உள்ளே 1 மி.லி. தண்ணீர், 30 வளிமண்டல அளவுக்கு ஆக்சிஜன். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 6,318 கலோரி தரும் பென்சாயிக் அமிலத்தை எரித்து முதலில் கருவியைச் சரிபாருங்கள். மதிப்பு தள்ளி வந்தால் வாளித் தண்ணீரின் அளவையும் ஆக்சிஜன் கசிவையும் பார்க்காமல் மேலே போகக் கூடாது. எரித்து முடித்ததும் பாமுக்குள் இருக்கும் கழுவிய நீரைக் கொட்டாதீர்கள். கந்தகம் முழுவதும் அதில் கந்தக அமிலமாக இருக்கிறது, பேரியம் குளோரைடு போட்டால் கந்தகக் கணக்கும் முடிந்தது. அதைச் சரிபார்க்க எஷ்கா கலவை முறை: இரண்டு பங்கு மக்னீசியம் ஆக்சைடு, ஒரு பங்கு நீரற்ற சோடியம் கார்பனேட், 800 டிகிரி. கிடைத்த பேரியம் சல்ஃபேட் எடையை 0.1374-ஆல் பெருக்கினால் கந்தகம்.

எந்த அடிப்படையில்?

பெறப்பட்ட நிலை, காற்றில் உலர்ந்த நிலை, முற்றிலும் உலர்ந்த நிலை, சாம்பல் நீக்கிய நிலை. ஒரே நிலக்கரிக்கு இந்த நாலிலும் நாலு எண் வரும். எதில் சொல்கிறோம் என்று எழுதாத எண்ணை நான் கையில் வாங்கவே மாட்டேன்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். காற்றில் உலர்ந்த மாதிரியில் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,900 கிலோ கலோரி, அதில் ஈரம் 6 சதவீதம். வந்து இறங்கிய நிலையில் மொத்த ஈரம் 14 சதவீதம். 3,900-ஐ 86-ஆல் பெருக்கி 94-ஆல் வகுத்தால் 3,568. இந்தியாவில் 2012 முதல் நிலக்கரியின் தரம் மொத்த வெப்ப மதிப்பை வைத்து ஜி1 முதல் ஜி17 வரை பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு படிக்கும் 300 கிலோ கலோரி இடைவெளி. 3,701 முதல் 4,000 வரை ஜி12, அதற்குக் கீழ் 3,401 வரை ஜி13. தரம் குறிப்பதற்கு 40 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீதக் காற்று ஈரப்பதத்திலும் சமநிலைப்படுத்திய நிலையையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. உலையில் விழுவதோ பெறப்பட்ட நிலை. இரண்டு எண்களையும் அடிப்படையோடு எழுதினால் சுரங்கமும் மின் நிலையமும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேச முடியும்.

சாம்பலோடு கணக்குப் பார்க்க, எல்லாவற்றையும் முற்றிலும் உலர்ந்த நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் போகும் வரும், மற்றவை அப்படியே இருக்கும்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிட்டுமினஸ் என்னும் கருநிலக்கரிக்குப் பழகிய கை இதில் தடுமாறும். வெட்டி எடுத்த நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது மேலே ஒட்டிய தண்ணீர் கிடையாது, நுண்துளைகளுக்குள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். தட்டில் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் எடை மாறியிருக்கும். அடைத்த டப்பாவில் கொண்டுவாருங்கள், திறந்தவுடன் நிறுத்துவிடுங்கள். உலர்த்தும்போது காற்றில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. எடை குறைந்துகொண்டே வந்து திரும்பக் கூடத் தொடங்கினால் அதுதான் காரணம். நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள்.

ஆவியாகும் பொருள் சோதனையில் இதை நேரே 900 டிகிரியில் வைத்தால் நீராவி பீறிட்டுத் தூளையும் சேர்த்து வெளியே தள்ளும், மூடியோரத்தில் பொறி பறக்கும். பறந்த தூள் எல்லாம் ஆவியாகும் பொருள் என்று கணக்கில் ஏறிவிடும். உலையின் வாயருகே குறைந்த சூட்டில் சில நிமிடம் வைத்துப் படிப்படியாக உள்ளே தள்ளுங்கள், அல்லது வில்லையாக அழுத்தி வையுங்கள். மூடியின் உட்புறத்தில் சாம்பல் நிறப் படிவு இருந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பாதி தண்ணீர் என்பதால் நிகர வெப்ப மதிப்பில் (தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பத்தைக் கழித்தது) அடி விழும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 585 கிலோ கலோரி வேண்டும், ஆக ஒரு கிலோ பழுப்பு நிலக்கரியில் இருக்கும் அரைக்கிலோ தண்ணீருக்கே கிட்டத்தட்ட 290 போய்விடும். மொத்த மதிப்பே 2,600-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்னும்போது இது சின்ன விஷயமில்லை.

சாம்பலைத் திறந்து பார்ப்பது

முதலில் எரியிழப்பு. 750 டிகிரியில் வைத்து எடை குறைந்ததைப் பார்த்துவிட்டு, எரியாத கார்பன் இவ்வளவு என்று எழுதுவது வழக்கம். ஒடிசாவின் தால்ச்சர் நிலக்கரி போன்றவற்றின் சாம்பலில், சுண்ணாம்பு குறைவு என்பதால், அது பெரும்பாலும் பொருந்தும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் பொருந்தாது. நீர்த்த சுண்ணாம்பு தண்ணீரை விடும், கார்பனேட் கரியமில வாயுவை விடும், இரண்டும் இழப்பில் சேரும். மேக்னடைட் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு எடையைக் கூட்டவும் செய்யும். உண்மையான கார்பன் வேண்டுமென்றால் மொத்தக் கார்பனைக் கருவியில் அளந்து, அமிலம் விட்டு வெளியேறும் கார்பனேட் கார்பனைக் கழியுங்கள். சிமென்ட்டுக்குப் போகும் சாம்பலுக்கான ஐ.எஸ். 3812 எரியிழப்பை 5 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. ஒரு லாரி சாம்பல் திரும்பி வருவதும் வராததும் இந்த எண்ணில் இருக்கிறது.

அடுத்து பெரிய ஆக்சைடுகள். சிலிக்காவும் அலுமினாவும் கண்ணாடியாகவும் முல்லைட் என்னும் கனிமமாகவும் இறுகிக் கிடக்கும், சாதாரண அமிலத்துக்கு அசையாது. லித்தியம் மெட்டாபோரேட்டோடு 950 முதல் 1,000 டிகிரியில் உருக்கி, மணியாக வார்த்து, எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் வையுங்கள், அல்லது நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ஐ.சி.பி. என்னும் பிளாஸ்மாக் கருவியில் ஓட்டுங்கள். உருக்குவதற்கு முன் சாம்பலில் இருக்கும் கார்பனை முழுவதும் எரித்துவிடுங்கள். கார்பன் மிஞ்சியிருந்தால் இரும்பு ஒடுக்கப்பட்டு பிளாட்டினம் குரூசிபிளோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். அந்தக் குரூசிபிளின் விலை தெரிந்தால் இதை யாரும் மறக்க மாட்டார்கள். எல்லா ஆக்சைடுகளும் கந்தக டிரை ஆக்சைடும் எரியிழப்பும் கூட்டினால் 98-க்கும் 102-க்கும் நடுவில் வர வேண்டும். வரவில்லையென்றால் விட்டுப்போனது என்ன என்று தேடுங்கள். கிடைத்ததை நூறுக்குச் சமமாக்கி எழுதாதீர்கள்.

ஐ.எஸ். 3812-இன்படி சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றும் சேர்ந்து 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சிலிக்கா வகை. சுண்ணாம்பு வகைக்கு 50 போதும்.

மிகச் சிறு அளவில் இருக்கும் சுவடுத் தனிமங்கள்தான் என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி, இங்கே நிதானம் வேண்டும். 815 டிகிரியில் எரித்த ஆய்வகச் சாம்பலை எடுத்துக்கொண்டு நிலக்கரியின் பாதரசத்தையும் செலினியத்தையும் தேடாதீர்கள். பாதரசம் உலைப் புகையில் போயிருக்கும், செலினியமும் மிஞ்சாது. நிலக்கரியை நிலக்கரியாகவே, மூடிய மைக்ரோவேவ் குடுவையில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் சேர்த்துக் கரைக்க வேண்டும், பிறகு போரிக் அமிலம் விட்டு ஃபுளூரைடைக் கட்ட வேண்டும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. வலி தெரியும்போது அது உள்ளே எலும்புவரை வேலை பார்த்திருக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் திறந்து பார்த்த நிலையில் இருக்க வேண்டும், தனியாக யாரும் அந்த அமிலத்தைத் தொடக் கூடாது. என் ஆய்வகத்தில் இதில் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை.

ஆர்சனிக்கை, அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் பார்ப்பதானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள். ஆர்கான் 40-உம் குளோரின் 35-உம் சேர்ந்து நிறை 75-இல் வந்து நிற்கும், ஆர்சனிக்கும் அதே 75. இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தெரியும். ஹீலியம் மோதல் அறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பாதரசத்துக்கு, மாதிரியை அப்படியே சூடாக்கித் தங்கத்தில் பிடித்து 253.7 நானோமீட்டரில் அளக்கும் நேரடிக் கருவி இருந்தால் அமிலமே தேவையில்லை.

சான்றளித்த சாம்பல் ஒன்றை ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தர நிர்ணய நிறுவனத்தின் 1633பி சாம்பலில் ஆர்சனிக் கிலோவுக்கு 136.2 மில்லிகிராம். உங்கள் குடுவையிலிருந்து அந்த எண் வராதவரை உங்கள் சாம்பலின் எண்ணை வெளியே சொல்லாதீர்கள்.

உலையைப் பற்றவைக்கும் ஃபர்னஸ் ஆயிலையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் சாம்பல் மிகக் குறைவு, ஆனால் அந்தச் சாம்பலில் வனேடியமும் நிக்கலும் நிறைய. வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரியை ஒட்டியே உருகிக் குழாய்களை அரிக்கும். பற்றவைக்கும் நாட்களில் எடுத்த சாம்பலில் திடீரென்று வனேடியம் ஏறினால் எண்ணெயைப் பாருங்கள்.

கணக்கை முடிப்பது

எல்லா எண்ணும் வந்துவிட்டது. ஒவ்வொரு தனிமத்துக்கும் சாம்பலில் உள்ள அளவை நிலக்கரியில் உள்ள அளவால் வகுத்து, நிலக்கரியின் சாம்பல் பங்கால் பெருக்குங்கள். 1-ஐ ஒட்டி வந்தால் அந்தத் தனிமம் சாம்பலிலேயே தங்கிவிட்டது. குறைந்தால் மீதி புகையோடு போயிருக்கிறது.

உதாரணத்துக்கு, உலர்ந்த நிலையில் 40 சதவீதச் சாம்பல் உள்ள நிலக்கரி, ஆர்சனிக் கிலோவுக்கு 2 மில்லிகிராம். புகையோடு போய் ஈ.எஸ்.பி.யில் பிடிபடும் உலர் சாம்பலில் 5.4, உலையின் அடியில் விழும் அடிச்சாம்பலில் 1.2. தூள் நிலக்கரி எரிக்கும் உலையில் பொதுவாக 80 சதவீதம் உலர் சாம்பல், 20 சதவீதம் அடிச்சாம்பல், ஆகவே கலவை 4.56. அதை 2-ஆல் வகுத்து 0.40-ஆல் பெருக்கினால் 0.91. ஆர்சனிக்கில் பெரும்பகுதி சாம்பலில். அதே நிலக்கரியில் பாதரசம் 0.15 என்றும், உலர் சாம்பலில் 0.07, அடிச்சாம்பலில் 0.01 என்றும் வைத்தால் கலவை 0.058, விகிதம் 0.15. ஆக நூறில் எண்பத்தைந்து பங்கு புகைபோக்கி வழியே போகிறது. 2015 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த உமிழ்வு வரம்பில் பாதரசத்துக்குக் கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று இருக்கிறது. சாம்பலில் பாதரசம் குறைவு என்று மகிழும் முன் இந்த எண்பத்தைந்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு காவலாளி உண்டு: அலுமினியம். அது உலையில் ஆவியாவதில்லை. அதன் விகிதம் 0.9-க்கும் 1.1-க்கும் வெளியே போனால் உங்கள் நிலக்கரி மாதிரியும் சாம்பல் மாதிரியும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கருவியைக் குறைசொல்லாமல் ஃபீடருக்குத் திரும்பிப் போய் மறுபடி மாதிரி எடுங்கள்.

இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் தெரியும் இன்னொரு விஷயத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். சாம்பல் குறைந்த நிலக்கரி சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. புகைத்தூசுக்கும் குளத்தின் கொள்ளளவுக்கும் அது சரி. ஆனால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ள நிலக்கரியில் 40 சதவீதம் சாம்பல் இருந்தால், அத்தனையும் சாம்பலில் தங்கினாலும் சாம்பலில் 2.5 மில்லிகிராம்தான். 8 சதவீதச் சாம்பல் என்றால் 12.5. சாம்பல் குறையக் குறைய, மிஞ்சும் சாம்பலில் நச்சுத் தனிமங்கள் செறியும். நெய்வேலிக் கரிக்கும் சாம்பல் குறைந்த இந்தோனேசியக் கரிக்கும் இதை மறக்காமல் போட்டுப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் எவ்வளவு கசியும்?

சாம்பலில் இருப்பதெல்லாம் தண்ணீருக்கு வராது. கண்ணாடித் துகளுக்குள் சிறைப்பட்டது கிடக்கும், மேற்பரப்பில் ஒட்டியது கரையும். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் சாம்பல் படிந்திருப்பது ஊரறிந்த விஷயம். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்கு, மொத்த அளவைவிடக் கரையும் அளவுதான் முக்கியம்.

பெரும்பாலான அறிக்கைகளில் இருப்பது டி.சி.எல்.பி. என்னும் கசிவுச் சோதனை. ஒரு பங்கு சாம்பலுக்கு இருபது பங்கு அசெட்டிக் அமிலக் கரைசல், நிமிடத்துக்கு 30 சுற்று, 18 மணி நேரம், பிறகு கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டுவது. குப்பைமேட்டில் மக்கும் கழிவோடு சேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ. வகுத்த முறை அது. சாம்பல் குளத்தில் அசெட்டிக் அமிலம் கிடையாது. ஆர்சனிக், செலினியம், மாலிப்டினம், ஆறு இணைதிறக் குரோமியம் ஆகியவை எதிர்மின் அயனிகளாக, காரத் தண்ணீரில் தாராளமாகக் கரைபவை. அவற்றை அமிலத்தில் சோதித்துவிட்டுக் கசியவில்லை என்று எழுதினால் கேள்வியே தவறிப்போகிறது.

இன்னொன்று, டி.சி.எல்.பி. வரம்பு ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், செலினியத்துக்கு 1. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 இரண்டுக்கும் ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது 0.01. ‘பாஸ்’ என்று முத்திரை விழுந்த சாம்பலின் கசிவுநீரில் குடிநீர் அளவைப்போல ஐந்நூறு மடங்குக்குச் சற்றுக் குறைவான ஆர்சனிக் இருக்கலாம். அறிக்கையைப் படிப்பவர்கள் அந்த ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் செய்யச் சொல்வது இது. முதலில் சாம்பலை வெறும் தண்ணீரில், அதே இருபதுக்கு ஒன்று விகிதத்தில், 18 மணி நேரம் சுழற்றி பி.எச். பாருங்கள். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் அது 11-ஐத் தாண்டலாம். பிறகு அதே சாம்பலை அமிலமும் காரமும் விட்டு 4 முதல் 12 வரை பல பி.எச். நிலைகளில் கசியவிட்டு, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வரைபடம் போடுங்கள். குளத்து நீரின் பி.எச். எங்கே விழுகிறது, மழையிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் எந்தப் பக்கம் நகரும் என்று அந்தக் கோட்டில் பார்த்துவிடலாம். சாம்பலைக் கடல்நீரில் கரைத்துக் குளத்துக்கு அனுப்பும் கடலோர நிலையம் என்றால் அந்தக் கடல்நீரிலேயே ஒருமுறை செய்யுங்கள். அந்தக் கரைசலில் குளோரைடு நிறைய இருக்கும், ஆகவே நிறை 75-ஐப் பற்றி மேலே சொன்னதை மறந்துவிடாதீர்கள். முடிவை லிட்டருக்கு மில்லிகிராமாகவும், இருபதால் பெருக்கிக் கிலோ சாம்பலுக்கு மில்லிகிராமாகவும் எழுதுங்கள். அப்போதுதான் மொத்தத்தில் எத்தனை பங்கு கரைந்தது என்று உங்கள் தாளிலேயே தெரியும்.

2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் அணை உடைந்து நாற்பது லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட ஈரச் சாம்பல் எமரி ஆற்றிலும் சுற்றுப்புறத்திலும் பரவியது. அதுபோல ஒன்று நடந்த பிறகு அந்தச் சாம்பலில் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, முன்கூட்டியே மாதாமாதம் எடுத்து வைத்த மாதிரிகள் அலமாரியில் இருப்பது எவ்வளவோ மேல். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் பயன்பட்ட நிலக்கரியிலும், ஒவ்வொரு ஹாப்பர் வரிசைச் சாம்பலிலும், அடிச்சாம்பலிலும் நூறு கிராம் எடுத்துவையுங்கள். பாதரசத்துக்கானதைக் கண்ணாடிப் புட்டியிலும் மற்றதைப் பிளாஸ்டிக் டப்பாவிலும் வையுங்கள். பழுப்பு நிலக்கரியாக இருந்தால் நைட்ரஜன் நிரப்பி மூடுங்கள். சீட்டில் தேதி, ஷிஃப்ட், உலையின் சுமை, எந்தச் சுரங்கம் அல்லது கப்பல், ஈ.எஸ்.பி. வரிசை எண் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.